குடும்ப எஸ்யூவி பராமரிப்பு: புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சின்னக் கார் ஓட்டிவிட்டு எஸ்யூவிக்கு மாறுகிறவர்கள், பராமரிப்பும் பழையபடிதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எஞ்சினைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லைதான். வித்தியாசம் எடையில் இருக்கிறது. மூன்று வரிசை இருக்கை உள்ள வண்டி காலியாகவே ஏறக்குறைய 1,600 முதல் 2,200 கிலோ வரும். ஏழு பேரும் பெட்டிகளும் ஏறினால் இன்னும் 500, 600 கிலோ. அத்தனையையும் தாங்குவது டயர், நிறுத்துவது பிரேக், மேட்டில் இழுக்கும்போது எஞ்சின் கொதிக்காமல் காப்பது கூலன்ட். இந்த மூன்றைப் பற்றியும் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், மற்றவை சுருக்கமாக.

அதற்கு முன், வண்டியோடு வந்த கையேட்டை எடுங்கள். முழுவதும் படிக்க வேண்டாம், சர்வீஸ் அட்டவணை இருக்கும் பக்கத்தை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் அங்கே இரண்டு வகை இடைவெளி கொடுத்திருப்பார்கள்: சாதாரணப் பயன்பாட்டுக்கு ஒன்று, கடினமான பயன்பாட்டுக்கு ஒன்று. கடினம் என்றதும் பாலைவனமும் மலைக்காடும்தான் நம் நினைவுக்கு வரும். அங்கே எழுதியிருப்பதோ வேறு. சில கிலோமீட்டர் மட்டும் ஓட்டி அணைப்பது, நெரிசலில் ஊர்ந்து போவது, தூசிச் சாலை, நிறைய பாரம். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வருகிற வண்டி அப்படியே இதற்குள் வந்துவிடும். அதனால் எண்ணெயையும் ஃபில்ட்டர்களையும் இந்த இரண்டாவது கணக்குப்படி மாற்றுங்கள்.

டயர்

டயரின் பக்கவாட்டில் ஒரு பிஎஸ்ஐ எண் அச்சாகியிருக்கும். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது. உங்கள் வண்டிக்கு உரிய அளவு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சில வண்டிகளில் எரிபொருள் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருப்பார்கள். அதில் பெரும்பாலும் இரண்டு வரி: இரண்டு மூன்று பேர் போகும்போது எவ்வளவு, முழுப் பாரத்தோடு எவ்வளவு. பின்டயர்களுக்கு இந்த இரண்டுக்கும் இடையே 4, 5 பிஎஸ்ஐ வித்தியாசம் சாதாரணம். வெளியூர் போகும் நாள் காலையில் பின்டயர்களுக்குக் கூடுதலாக அடித்து, திரும்பி வந்ததும் குறைத்துவிடுங்கள்.

டயர் ஆறியிருக்கும்போதுதான் காற்றை அளக்க வேண்டும். மூன்று மணி நேரமாவது வண்டி நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருக்க வேண்டும். நெடுந்தூரம் ஓடிச் சூடான டயரில் 4 பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் குறைந்த காற்றோடுதான் கிளம்புவீர்கள். சொந்தமாக ஒரு சின்ன அளவி வாங்கிக் கையுறைப் பெட்டியில் போட்டுவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

காற்று பார்க்கக் குனியும்போதே டயரின் முகத்தையும் படியுங்கள். உள்ளங்கையை விரித்து டயரின் குறுக்கே வெளி ஓரத்திலிருந்து உள் ஓரம் வரை மெல்லத் தடவுங்கள். இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மேடாக இருந்தால், பல நாளாகக் குறைந்த காற்றில் ஓடியிருக்கிறது. நடுவே மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் மட்டும் வழுவழுப்பாக இருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், போயிருக்கிறது. மேடும் பள்ளமுமாக விரலில் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பரையும் பேலன்ஸிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளங்களுக்கு உள்ளே சின்ன ரப்பர் திட்டுகள் இருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது என்று பொருள். அந்தக் கட்டம் வரை போகவே வேண்டாம் என்பேன். நனைந்த சாலையில் பாரத்தோடு நிற்க வேண்டிய வண்டி இது; 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அதிகம் ஓடாத வண்டியில் டயர் பார்க்கப் புதிதாகவே இருக்கும், ஆனால் ரப்பர் வயதாகி விறைத்து, வெடிப்பு விட ஆரம்பித்திருக்கும்.

10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் டயர்களை இடம் மாற்றச் சொல்லுங்கள். நான்கு சக்கரத்துக்கும் எந்நேரமும் விசை போகும் வண்டியாக இருந்தால் இது இன்னும் முக்கியம். ஒரு டயர் புதிது, மூன்று பழையது என்று ஓட்டினால் சுற்றளவு மாறிப்போய், சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். அந்த வேறுபாட்டை, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலும் நடுவில் இருக்கும் கிளட்சும் ஓயாமல் சமாளித்துச் சூடாகித் தேயும். ஒரு டயரின் காசை மிச்சம் பிடிக்கப்போய்ப் பெரிய செலவில் மாட்டிக்கொள்ள நேரும்.

ஸ்டெப்னி

இதற்குத் தனித் தலைப்புக் கொடுக்கக் காரணம் உண்டு. ஒரு குடும்பப் பயணத்தில் இரவு பத்து மணிக்குப் பின்டயர் பஞ்சர். எங்கள் வண்டியில் ஸ்டெப்னி அடிப்பக்கத்தில் ஒரு கம்பிவடத்தில் தொங்கும். அதை இறக்கும் துளை டிக்கியின் தரையில், எல்லாப் பெட்டிகளுக்கும் அடியில். பெட்டிகளை எல்லாம் சாலையோரம் இறக்கி வைத்து, கம்பியைச் செருகித் திருப்பினால் அசையவில்லை. மூன்று ஆண்டுச் சேறும் துருவும் சேர்ந்து இறுகிப்போயிருந்தது. அரை மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு டயர் இறங்கியது. அளந்தால் அதில் 14 பிஎஸ்ஐ. பிள்ளைகள் பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருக்க, அடுத்த காற்றுக் கடை வரை 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டெப்னியை முழுதாக இறக்கி, கம்பிவடத்தைத் துடைத்து, கிரீஸ் தடவி, காற்றை அளந்து ஏற்றுகிறேன். நீங்களும் வண்டி வாங்கிய முதல் மாதத்திலேயே, பகல் வெளிச்சத்தில், வீட்டு வாசலிலேயே ஒருமுறை டயர் மாற்றிப் பழகிவிடுங்கள். முறை இதுதான்:

1. சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை முதலாவதிலோ ரிவர்ஸிலோ வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். எல்லோரையும் இறக்கிவிடுங்கள். மூலைக்கு மூலை எதிரே இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.
2. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு திருப்பினால் சக்கரமும் கூடவே சுற்றும், வண்டியும் ஜாக்கியிலிருந்து நழுவும்.
3. கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் மட்டுமே ஜாக்கியைக் கொடுங்கள். மண் தரையானால் அடியில் ஒரு தடித்த பலகை வையுங்கள். கழற்றும் சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி சரிந்தாலும் அது தாங்கும். எக்காரணம் கொண்டும் வண்டிக்கு அடியில் உடம்பை நுழைக்காதீர்கள்.
4. ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளைக் கையாலேயே முடிந்தவரை திருகுங்கள். வண்டியை இறக்கிய பிறகு, ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராக இறுக்குங்கள்.
5. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். பல எஸ்யூவிகளுக்கு இந்த நட்டின் இறுக்கம் 100 முதல் 140 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். சரியான எண் கையேட்டில் உண்டு.

ஸ்டெப்னி மற்றவற்றைவிட ஒல்லியாக இருந்தால் அது தற்காலிக டயர். பெரும்பாலானவற்றில் உச்ச வேகம் 80 கிலோமீட்டர் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்.

பிரேக்

பானட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கமாக ஒரு சின்ன வெளிர்நிற டப்பா தெரியும். அதில் இருக்கும் பிரேக் ஆயிலின் மட்டம் மெல்ல மெல்லக் குறைவது இயல்பு. டிஸ்க்கை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை, அழுத்திப் பிடிக்கும் பேட் தேயத் தேயக் கீழே கூடுதல் ஆயில் போய்த் தங்கும். அதனால் மட்டம் இறங்கியதைப் பார்த்தவுடன் ஊற்றி நிரப்பாதீர்கள். முதலில் பேட் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். புதிய பேட் பெரும்பாலும் 8 முதல் 12 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். திடீரென்று மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது, வண்டியை எடுக்கவே கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது ஆயிலுக்குள் ஆவிக் குமிழ் உண்டாகி, பெடல் பஞ்சு போலக் கீழே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். வண்டி ஓடாமல் நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது.

இறக்கத்தில் பாரத்தோடு வரும்போது பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வராதீர்கள். இரண்டாவது, மூன்றாவது கியருக்கு இறக்கி எஞ்சினையே வண்டியைப் பிடிக்க விடுங்கள். ஆட்டோமேட்டிக்கிலும் கியரை இறக்கிப் பிடிக்க வழி இருக்கிறது. சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை வந்தால் ஓரம் கட்டி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும்.

மெல்லிய கிறீச் ஒலி என்றால் பேட் தீரப்போகிறது என்ற முன்னறிவிப்பு. அதற்கென்றே ஒரு தகட்டை வைத்திருக்கிறார்கள். கரகரவென்று இரும்போடு இரும்பு உரசும் ஒலி என்றால் டிஸ்க்கும் வெட்டுப்பட ஆரம்பித்துவிட்டது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் பெடல் அதிர்ந்தால் டிஸ்க் சீராக இல்லை. சடாரென்று மிதிக்கும்போது பெடல் காலடியில் படபடவென்று துடிப்பதோ, சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வதுதான். பயந்து காலை எடுக்காதீர்கள்.

கூலன்ட்

எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற இரு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம் வேண்டாம். அதில் கரைந்திருக்கும் உப்புகள் ரேடியேட்டருக்குள் படியும், துருவும் சேரும். கையேடு சொல்லும் வகைக் கூலன்டையே வாங்குங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே நிறத்தில் வெவ்வேறு வகை உண்டு, கலந்தால் சில நேரம் கூழாகிவிடும். அடர்ந்த கூலன்ட் என்றால் காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதியாகக் கலப்பதுதான் பெரும்பாலும் வழக்கம்.

வெப்ப முள் ஏறுவதைக் கண்டால் ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழு அளவில் போட்டு ஜன்னல்களை இறக்குங்கள். உள்ளே புழுங்கும்தான், ஆனால் எஞ்சின் சூட்டில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறும். பத்திரமான இடத்தில் ஓரம் கட்டுங்கள். முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அப்புறம் அரை மணி நேரமாவது காத்திருங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும்; துணி போட்டுத் திறக்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். நன்றாக ஆறிய பிறகு ஊற்றி, மட்டம் நிற்கிறதா என்று பாருங்கள். ஊற்ற ஊற்றக் குறைந்தால் வண்டியை இழுத்துப்போக ஆள் கூப்பிடுங்கள். முள் சிவப்பில் இருக்க இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே என்று ஓட்டுவதில்தான் பல எஞ்சின்களின் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போகிறது.

எஞ்சின் எண்ணெய், பேட்டரி

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுதாகச் செருகி, மறுபடி உருவுங்கள். முதல் முறை உருவும்போது தெரியும் மட்டத்தை நம்ப வேண்டாம். இரு குறிகளுக்கும் இடையே இருந்தால் சரி. கீழ்க்குறிக்கு இறங்கியிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள்; பல வண்டிகளில் இரு குறிகளுக்கும் இடைவெளி ஒரு லிட்டர்தான். மேல்குறியைத் தாண்டி ஊற்றினால், எஞ்சினுக்குள் சுற்றும் கிராங்க் என்ற தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும்.

டீசல் எஞ்சினில் புது எண்ணெய் சில நாளிலேயே கறுத்துவிடும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பால் கலந்தது போல் இருந்தால் கூலன்ட் உள்ளே இறங்கியிருக்கலாம். ஊற்றாமலேயே மட்டம் ஏறியிருந்தால் இன்னொரு விஷயம் இருக்கிறது. டீசல் எஸ்யூவியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நீண்ட தூரம் ஓடும்போது அது சூடேறி, சேர்ந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். எப்போதும் குட்டிப் பயணமாகவே ஓட்டினால் அந்த வேலை பாதியில் நின்று, அதற்காகத் தெளித்த டீசல் எண்ணெயோடு கலந்துவிடும். வாரம் ஒருமுறையாவது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் சீரான வேகத்தில் 20 நிமிடம் ஓட்டுங்கள். டீசல் வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

பேட்டரியின் ஆயுள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டு. ஒரு மல்டிமீட்டர் இருந்தால், இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2க்குக் கீழே போனால் சார்ஜ் குறைவு. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.7 வரை காட்டும். ஓடும்போதும் 12 சொச்சமே காட்டினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், ஓடும்போது அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். சிக்னலில் தானாக அணைந்து எழும் எஞ்சின் என்றால், அதே வகை பேட்டரியைத்தான் மறுபடி வைக்க வேண்டும். சாதாரண பேட்டரி சீக்கிரமே களைத்துப்போகும்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

சாவியைத் திருப்பியதும் டிக்டிக்கென்று மட்டும் ஒலித்து விளக்குகள் மங்கினால் பேட்டரி இறங்கிவிட்டது. விளக்குகள் பளிச்சென்று இருந்தும் ஒரே ஒரு டொக் ஒலியோடு நின்றால் செல்ஃப் மோட்டார் மீது சந்தேகம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் எரிபொருள், தீப்பொறி, அல்லது சாவியை அடையாளம் காணும் கருவி. ஒலியே இல்லை என்றால், ஆட்டோமேட்டிக்கில் கியர் பார்க்கில்தான் இருக்கிறதா, மேனுவலில் கிளட்ச் முழுதாக மிதித்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவியின் உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல வண்டிகளில் சாவியை அந்தப் பட்டன் மீதே ஒட்டிவைத்து அழுத்தினால் எஞ்சின் எழும்.

வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது வரிசை முக்கியம். சிவப்பு வயரை முதலில் இறங்கிய பேட்டரியின் பாஸிட்டிவில், அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் பாஸிட்டிவில். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில், மறுமுனையை நின்றுபோன வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் வாயு எளிதில் தீப்பிடிக்கக்கூடியது, அதனால்தான் அந்த இணைப்பைப் பேட்டரியிலிருந்து தள்ளி வைக்கிறோம். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

விளக்கும் வாடையும்

டேஷ்போர்டில் சிவப்பு எரிந்தால் நிறுத்துங்கள், மஞ்சள் எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள். எண்ணெய்க் குடுவை வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த நொடியே ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு சும்மா எரிந்தால் ஓட்டிப்போய்க் காட்டலாம். அதுவே விட்டுவிட்டு மினுங்கினால் ஏதோ சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல், புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கருவியை நாசம் செய்துகொண்டிருக்கிறது, உடனே நிறுத்துங்கள். பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாவிட்டாலும் சில வண்டிகளில் இந்த விளக்கு வரும், முதலில் அதைப் பாருங்கள்.

நிறுத்திய இடத்தில் தரையையும் ஒரு பார்வை பாருங்கள். ஏசி போட்டு வந்த பின் வெறும் தண்ணீர் சொட்டினால் ஒன்றுமில்லை. பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். பழுப்போ கறுப்போ என்றால் எஞ்சின் எண்ணெய். சிவப்பாக வழவழத்தால் கியர்பாக்ஸ் அல்லது ஸ்டியரிங் ஆயில்.

80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் பேலன்ஸிங். நேர்ச் சாலையில் ஒரு பக்கமே இழுத்தால் முதலில் காற்றை அளந்துவிட்டு, அப்புறம் அலைன்மென்ட்.

பிள்ளைகள் ஏறும் வண்டிக்கு இன்னும் இரண்டு: சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். பிசுக்கு ஏறிய பெல்ட் சரியாகச் சுருளாது, உடம்போடு ஒட்டி நிற்காது. ஓட்டுநர் காலடியில் ஒரு மேட்டின் மேல் இன்னொரு மேட் போடாதீர்கள். நகர்ந்து ஆக்ஸிலரேட்டருக்கு அடியில் போய் மாட்டும்.

மெக்கானிக்கிடம் போகும்போது வண்டியில சத்தம் வருது என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில், எஞ்சின் ஆறியிருக்கும்போதா சூடான பிறகா, திருப்பும்போதா பிரேக் பிடிக்கும்போதா என்று சொல்லுங்கள். முடிந்தால் அந்த ஒலியைப் போனில் பதிவு செய்து கொண்டுபோங்கள். கையுறைப் பெட்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்து, ஒவ்வொரு வேலை முடிந்ததும் தேதி, கிலோமீட்டர், மாற்றிய பொருள் மூன்றையும் எழுதிவிடுங்கள்.